ஒண்ணுன்னு எழுதுங்க

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம் தோற்றபோது நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாரச்சந்தையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும் என்பது தீர்மானம். தலைவர், "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார். பதினைந்து பேரில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அது அவருடைய கைதான். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தப் போகிறவர் மாதிரி முழங்கையை மடக்காமல் நீட்டித் தூக்கியிருந்தார். பிறகு மற்றவர்கள் எல்லோரும் எதிர்த்துக் கை தூக்கினோம். தலைவர் அடுத்த பொருளுக்குப் போகத் தாளைப் புரட்டினார்.

"ஒரு நிமிசங்க" என்று அவர் செயல் அலுவலரைப் பார்த்தார். "ஆதரவு எத்தனைன்னு எழுதுனீங்க?"

செயல் அலுவலர் பேனாவை நிறுத்தினார். "தீர்மானம் நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கேம்மா."

"அது சரிங்க. ஆதரவு ஒண்ணுன்னு எழுதுங்க. சைபர் இல்லைல்ல. ஒண்ணு."

மன்றமே சிரித்தது. எல்லாரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் போய், "நல்லா நடத்துனீங்க, வாரேன்" என்று கும்பிட்டார். தட்டில் மீந்திருந்த உளுந்த வடையில் இரண்டை எடுத்துத் தாளில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

அவரைத் தெரிந்தவர்கள் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்த அம்மாவுக்குத் தோற்கத் தெரியும் என்பார்கள். தோற்ற பிறகு கோபத்தை அடக்கிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அடக்கிக்கொள்ள எதுவுமே இருக்காது. யாராவது முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னால், "இல்லைன்னு சொன்னது இன்னைக்குத்தானே" என்பார். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிற பேச்சு இல்லை அது. நிஜமாகவே அப்படி நம்பினார்.

கடைவீதியின் கடைசியில் அவருக்குக் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, நாற்காலி, ஜமுக்காளம், சாமியானா எல்லாம் அங்கேதான் வாடகைக்கு எடுப்பார்கள். அவருடைய நாற்காலியில் உட்காராமல் எங்கள் ஊரில் யாரும் பெண் பார்த்ததில்லை, துக்கம் விசாரித்ததும் இல்லை. அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அண்டாக்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உயரம் குறைவு, குரல் பெரிசு. ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் சாமான் ஏற்றி இறக்குகிற வண்டியை ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர்.

முதல் மன்றக் கூட்டத்துக்குப் பெண் உறுப்பினர்கள் வந்தபோது கூடவே அவரவர் வீட்டுக்காரர்களும் வந்து பின்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். இவர் மட்டும் தனியாக வந்தார். செயல் அலுவலர் மரியாதைக்காகக் கேட்டார். "ஒங்க சார் வரலையாம்மா?"

"அவரு எதுக்குங்க? அவரு நின்னிருந்தா தோத்திருப்பாரு."

பின்வரிசையில் இருந்த ஆண்கள் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அவர்களில் பாதிப்பேர் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

அவரும் லேசில் ஜெயித்துவிடவில்லை. அதற்கு முன்னால் இரண்டு தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றிருந்தார். இரண்டாவது தடவை ஜெயித்தவருக்கு அவருடைய தெருவில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலி இவர் கடையிலிருந்துதான் போனது. அனுப்பியதோடு விடவில்லை, தானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சுக்கும் கை தட்டினார். மாலை போட்டுக்கொண்டிருந்த மனிதர் நெளிந்துவிட்டார். மறுநாள் நான் கேட்டேன், "ஏங்க்கா, ஒங்களைத் தோக்கடிச்சவருக்குப் போய்க் கை தட்டுறீங்களே?"

"ஆளு எப்படிப் பேசுறாருன்னு பாக்க வேணாமா தம்பி? அடுத்த தடவ இவருகிட்டதானே ஜெயிக்கணும்."

ஜெயித்தார். அதே மனிதர் ஓட்டு எண்ணி முடித்ததும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். அவரும் கற்றுக்கொண்டிருந்தார் போல.

மன்றத்தில் ஒரு ரைஸ்மில்காரர் இருந்தார். நல்ல வசதி, அதைவிட நல்ல கோபம். பல வருடத்துக்கு முன்னால் அவர் மகன் கல்யாணத்தில் கொஞ்சம் நாற்காலி உடைந்து வந்தது. அக்கா கேட்டதற்கு, "ஒடைஞ்ச நாற்காலியை அனுப்பிட்டு எங்கிட்டயே கேக்குறியா? இனிமே ஒங்கடைப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்" என்று கடைவீதி அதிரக் கத்திவிட்டுப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மகள் கல்யாணத்துக்குப் புதுக்கோட்டையிலிருந்து லாரியில் சாமான் வந்து இறங்கியது.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில் ரைஸ்மில்காரருடைய தாயார் தவறிப்போனார். வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுகிற நிலையில் இல்லை. துக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குகிற நேரத்தில் வாசலில் சாமியானா கட்டி, நாற்காலி போட்டாகிவிட்டிருந்தது. அக்காவும் வீட்டுக்காரரும் நனைந்துகொண்டே கயிறு இழுத்துக் கட்டியதை நான் பார்த்தேன். ரைஸ்மில்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு எல்லா விசேஷத்துக்கும் அங்கேயே சாமான் எடுத்தார்.

ஆனால் மன்றத்தில் கழிப்பறைத் தீர்மானம் வரும்போதெல்லாம் எதிர்த்துக் கை தூக்குகிற முதல் ஆள் அவர்தான். எனக்கே பொறுக்கவில்லை. "அன்னைக்கு மழையில நனைஞ்சீங்க, மனுசனுக்கு நன்றி இல்லையேக்கா" என்றேன்.

"அது வேற, இது வேற தம்பி. நாற்காலி போட்டதுக்கு ஓட்டுக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுக்கிறவன். மன்றத் தலைவரின் கட்சிதான் என் கட்சியும். தலைவர் கெட்டவர் இல்லை. புதுக்கோட்டை ரோட்டில், ஊருக்குள் நுழைகிற இடத்தில் அலங்கார வளைவு ஒன்று கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "சுத்துப்பட்டுல எல்லா ஊருக்கும் இருக்கு. நம்ம ஊரு வந்துருச்சுன்னே தெரியாம பஸ்ஸுல தூங்கிக்கிட்டுப் போறான்" என்பார். எங்கள் பேரூராட்சியின் பொது நிதி சின்னது. வளைவா, கழிப்பறையா என்றால் ஒன்றுக்குத்தான் காணும்.

ஒரு மத்தியானம் அக்கா என் பட்டறைக்கு வந்தார். பிரித்துப் போட்டிருந்த மோட்டார் கூட்டின்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தார். நியாயம் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. நேராகக் கேட்டார்.

"தம்பி, என்ன செஞ்சா நீங்க கை தூக்குவீங்க?"

மன்றத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. "அக்கா, சந்தைக்கு வர்ற பொம்பளைங்க பூராம் வெளியூரு. அரிமளம் பக்கமிருந்து வாராங்க, ஆவுடையார்கோவில் பக்கமிருந்து வாராங்க. ஒருத்திக்கும் நம்ம ஊருல ஓட்டு இல்ல. என் வார்டுக்காரங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்? எங்க தெருவுல சாக்கடை ஒடைஞ்சு மூணு மழை பாத்துருச்சு."

"அவுக கொண்டாந்த கீரையைத் தின்னுட்டுத்தானே நாம ஓட்டுப் போடப் போறோம்" என்றார். பிறகு, "சரி, ஒங்க சாக்கடைக்கு நான் கை தூக்குறேன். நீங்க ஒரு நா எங்கூட சந்தைக்கு வாங்க. வந்துட்டு, மனசு இல்லைன்னா தூக்க வேணாம்" என்றார்.

"ஒங்க ஒத்தக் கை எனக்கு எந்த மூலைக்குக்கா?"

"எனக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு. ரெண்டாச்சுல்ல?"

அடுத்த சந்தையன்று போனேன். சித்திரை பிறக்கவில்லை, ஆனால் வெயில் வந்துவிட்டிருந்தது. புளி விற்கிற அம்மாள் ஒருவரிடம் அக்கா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். அறுபது வயசிருக்கும். முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து சாயங்காலம் கடைசியில் போகிறவர். பேச்சுக் கொடுப்பதற்காக நான் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"வேணாம்யா."

"பரவால்ல, குடிங்க."

"இல்லய்யா, வேணாம்." அவர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

அக்கா சொன்னார். "குடிக்க மாட்டாக தம்பி. காலையில வீட்டுல ஒரு மடக்குத் தண்ணி. அதோட, சாயந்தரம் வீட்டுக்குப் போயிதான். நடுவுல குடிச்சா எங்க போவாக?"

நான் சந்தையைச் சுற்றிப் பார்த்தேன். கீரைக்காரர்கள், கருவாட்டுக்காரர்கள், பாகற்காயும் எலுமிச்சையும் கூறு கட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்து டீக்கடையில் கூட்டம் நெரிந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் ஆண்கள். நாற்பது வருடமாக நான் அந்தச் சந்தைக்குப் போகிறவன். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. டீயை நானே குடித்தேன்.

பட்ஜெட் கூட்டம் வந்தது. என் தெருச் சாக்கடைக்கு அக்கா கை தூக்கினார், அது நிறைவேறியது. கழிப்பறைக்கு நான் கை தூக்கினேன். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்சிக்காரர்கள் காலால் மிதித்தார்கள். பெண் உறுப்பினர்களில் இரண்டு பேரும் தூக்கினார்கள். மொத்தம் நாலு. வளைவுக்குப் பதினொரு பேர். வளைவு ஜெயித்தது.

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நாலு, பாத்தீங்களா? ஒரே வருசத்துல நாலு" என்று எல்லாரிடமும் சொன்னார். தலைவருக்கும் வாழ்த்துச் சொன்னார். தலைவர் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"யப்பா, இந்தம்மாவைத் தோக்கடிச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அழுதா சமாதானம் சொல்லலாம், சண்டைக்கு வந்தா திருப்பிப் பேசலாம். சிரிச்சுக்கிட்டே போகுதுல்ல, என்ன பண்றதுன்னு தெரியல."

வளைவுக்கு நெடுஞ்சாலைத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது இழுத்துக்கொண்டே போனது. ஒதுக்கிய தொகை அப்படியே கிடந்தது. அக்கா அதற்குள் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போய் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர், சந்தையின் கிழக்கு மூலையில் வேண்டாம், கோயிலுக்குப் போகிற பாதை என்றார். மேற்கு மூலைக்கு மாற்றினார். இன்னொருவர், போர்வெல் இல்லாமல் கட்டினால் நாறிப்போகும் என்றார். போர்வெல்லையும் தீர்மானத்தில் சேர்த்தார். வந்து சேர்ந்த எந்த மறுப்புக்கும் அவர் சண்டைக்குப் போகவில்லை. சாமான் வாடகைக்குக் கேட்க வந்தவர்கள் சொல்கிற மாதிரி, சரி, இதுவும் வேணுமா என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சித்திரையில் ஒரு சந்தை நாள், உச்சி வெயிலில், புளிக்காரம்மா உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். அக்காவின் சாமான் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் குடிக்காமல் குடிக்காமல் நீர்த்தாரையில் புண்ணாகி, காய்ச்சல் ஏறி, உடம்பு வற்றிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மாள் கண் முழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "புளியை யாரு பாத்துக்கிறா?"

அடுத்து நடந்த கூட்டத்தில் அக்கா இதை எழுந்து நின்று சொன்னார். வளைவுக்கு ஒதுக்கியதைக் கழிப்பறைக்கு மாற்றக் கோரினார். ஏழு கை எழுந்தது. எட்டு வேண்டும். தீர்மானம் தோற்றது.

அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. எத்தனை என்று எழுதச் சொல்லவும் இல்லை. வடைத் தட்டு அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே போனேன். வண்டியில் ஏறி வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவர் நேராகப் பார்த்துக்கொண்டு, "ரைஸ்மில்லுக்கு விடுங்க" என்றார். நானும் ஏறிக்கொண்டேன்.

ரைஸ்மில்காரர் உமி பறக்கிற முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"அண்ணே" என்றார் அக்கா, "மத்தவுக எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒங்ககிட்ட மட்டும் கேக்கல. பயந்துக்கிட்டுக் கேக்கல. என்ன செஞ்சா நீங்க கை தூக்குவீக?"

"நான் தூக்க மாட்டேன்."

"ஏன்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

"ஏன்னா? இந்த ஊருல எத்தனை கக்கூஸு கட்டுனோம்? போயி ஒண்ணொண்ணா பாரு. எதாவது ஒண்ணு தொறந்து கெடக்கா? தொறப்பு விழா அன்னைக்குப் போட்டோ, மறுநா பூட்டு. ஆடு படுத்துக் கெடக்கு. இதையும் கட்டிப் பூட்டி வைக்கவா எங்கையத் தூக்கச் சொல்ற? அந்தப் பொம்பள நாளைக்குப் பூட்டுன கதவுக்கு முன்னால நிப்பா. இப்பவாவது இல்லைன்னு தெரியும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரைஸ்மில்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு நாளும் அவரை ஈரமில்லாத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"பூட்டாம இருக்க என்ன செய்யணும்ண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"சாவி ஆபீசுல இருக்கக் கூடாது. அவுககிட்ட இருக்கணும். சந்தையில சுங்கம் வாங்குறோம்ல, அதுல ஒரு பங்கு சுத்தம் பண்ற ஆளுக்குச் சம்பளமாப் போகணும். வருசா வருசம் மன்றத்துல கேக்காம, தன்னால போகணும். அப்படின்னா நிக்கும்."

"இதை மன்றத்துல நீங்களே சொல்லுவீகளா?"

"நானா?"

"நான் சொன்னா நான் சொன்னதாப் போயிரும். யோசனை ஒங்களுதுல்ல."

ரைஸ்மில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அக்காவின் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. வண்டியில் ஏறும்போது என்னிடம், "பாப்பம்னா என்ன தம்பி? இல்லைன்னு சொல்லலைல்ல?" என்றார்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் தன் ஆட்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். எனக்கு அழைப்பு இல்லை. கூட்டம் தொடங்கியபோது யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கழிப்பறை என்ற பொருள் வந்ததும் எல்லோரும் வழக்கம்போல் அக்காவைப் பார்த்தோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரைஸ்மில்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வளைவுக்கு ஒதுக்கிக் கெடக்குற தொகையை எடுத்து, சந்தையில பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாம்னு முன்மொழியிறேன். சாவி சந்தைக்காரங்ககிட்ட. சுத்தம் பண்றதுக்குச் சுங்கத்துல ஒரு பங்கு. இந்த ரெண்டும் இல்லைன்னா நானே எதுப்பேன்."

தலைவரின் கையில் இருந்த தாள் மேசைமேல் இறங்கியது. "வழிமொழியிறது யாரு?"

"நான்" என்றார் அக்கா.

கை தூக்கச் சொன்னார்கள். ரைஸ்மில்காரர், அக்கா, நான் என்று வரிசையாகக் கை எழுந்தது. ஏழு வரை வந்து நின்றுவிட்டது. போன தடவை தூக்கிய ஒரு பெண் உறுப்பினர் இந்தத் தடவை மேசைக்கு அடியிலேயே கையை வைத்திருந்தார். வாசலில் அவருடைய வீட்டுக்காரர் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் விருந்துக்குப் போனவர் அவர். அந்தப் பெண் அவரைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டு, அவரைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார்.

செயல் அலுவலர் எண்ணினார். "ஆதரவு எட்டு. எதிர்ப்பு ஏழு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ எண்ணுங்க."

"சரியாத்தாம்மா எண்ணியிருக்கேன். எட்டுதான். ஒங்க பக்கம் ஜெயிச்சிருச்சு."

"தெரியுங்க. கேக்க நல்லாருக்கு. சத்தமா எண்ணுங்க."

செயல் அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, எண்ணிவிடுங்கள் என்பதுபோல் கையசைத்தார். அவர் ஒவ்வொரு தலையாகப் பேனாவால் காட்டி எண்ணினார். எட்டு என்றபோது அக்கா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் டம்ளர்கள் குதித்தன.

தோல்வியில் அவ்வளவு பெருந்தன்மையாக இருந்தவருக்கு வெற்றியில் கொஞ்சமும் அடக்கம் கிடையாது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எத்தனையோ வருடமாகச் சிரித்துக்கொண்டே தோற்றவர் அத்தனைக்கும் சேர்த்து ஜெயித்தார். கடைக்கு நாற்காலி கேட்டு வந்தவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை வேண்டும் என்று சொல்வதற்குள், "எட்டுக்கு ஏழு, தெரியும்ல?" என்று ஆரம்பித்துவிடுவார். துக்க வீட்டில் சாமியானா கட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார், அதுவும் சிரமப்பட்டு. தலைவரை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, நலம் விசாரித்து, அதைச் சொல்லாமல் விட மாட்டார். தலைவர் கொஞ்ச நாள் வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பதவிக்காலம் முடிந்தபிறகு கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு அவரும் வீட்டுக்காரரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அந்த அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறதாம். வாட்ச்மேனுக்கு மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று கேட்டு இரண்டு தடவை தோற்றுவிட்டதாகப் போனில் சொன்னார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "நல்ல ஆளுக தம்பி. சீக்கிரம் வந்துருவாக" என்றார்.

ஆனால் நான் அவரை நினைத்துக்கொள்வது கழிப்பறைத் திறப்பு நாளில் இருந்த கோலத்தில்தான். அதைச் சந்தை நாளில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியிருந்தார். அரக்குக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. மகள் கல்யாணத்துக்குக்கூட அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. கடையிலிருந்து சாமியானா, நாற்காலி, மைக் செட் எல்லாம் வந்து இறங்கியிருந்தது. வாடகை இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் கிடைக்காத சலுகை அது.

தலைவர் ரிப்பனை வெட்டினார். முகத்தில் வருத்தம் இருந்ததோ என்னவோ, கட்டடத்தைச் சுற்றி வந்து குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தபோது அது போய்விட்டது. "நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். ரைஸ்மில்காரர் சாவியை எடுத்துப் புளிக்காரம்மாவின் கையில் கொடுத்தார். அவர் உடம்பு தேறி மறுபடியும் சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தார். சாவியை வாங்கி, இரண்டு தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெரிய அண்டாவில் நீர்மோர் கரைத்து வைத்திருந்தது. அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிவர, கடை கடையாகப் போனார். கீரைக்காரிக்கு ஒரு டம்ளர், கருவாட்டுக்காரிக்கு ஒரு டம்ளர். "பயப்படாமக் குடி. அந்தா, எதுத்தாப்புலதான் இருக்கு. இன்னொண்ணு ஊத்தவா?" பழக்கதோஷத்தில் அவர்கள் முதலில் உதட்டோடு வைத்து நிறுத்தினார்கள். பிறகு ஒருத்தி அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். பக்கத்தில் இருந்தவள் டம்ளரை மறுபடியும் நீட்டினாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அண்டா காலியாகி, இன்னொரு அண்டா வந்தது.

கடைசியில் பேச்சு. நாங்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினோம். தலைவர் திட்டத்தைக் கொண்டுவந்த மன்றத்துக்கு நன்றி என்றார். ரைஸ்மில்காரர் பூட்டைப் பற்றி மட்டும் பேசினார். மைக் அக்காவிடம் போனது. யார் யார் எதைச் சேர்க்கச் சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். மேற்கு மூலை யாருடைய யோசனை, போர்வெல் யாருடையது, சாவி யாருடையது என்று ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று தலையாட்டியும் கை தூக்கிய பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரையும் சொல்லி முடித்துவிட்டார். இனிக் கும்பிடு போட்டு இறங்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். பெண்கள் மேடையிலிருந்து அப்படித்தானே இறங்குவார்கள்.

அவர் இறங்கவில்லை. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை பேரும் கை தூக்குனாக. அத்தனை பேரையும் தூக்க வச்சது நாந்தான். ரெண்டு வருசம் வீடு வீடா அலைஞ்சேன். தோத்தேன், தோத்தேன், இப்ப ஜெயிச்சுட்டேன். எனக்கும் கை தட்டுங்க."

முதலில் புளிக்காரம்மா தட்டினார். கருவாட்டுக்காரி ஒருத்தி நாக்கை மடித்து விசில் அடித்தாள். பிறகு சந்தை முழுக்கத் தட்டியது. தராசைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள், ஈரக் கையோடு தட்டினார்கள். அக்கா மேடையில் நின்று, கூச்சமே இல்லாமல், முழுசாக வாங்கிக்கொண்டார். கொஞ்சம் குறைகிற மாதிரித் தெரிந்ததும், இன்னும் என்று கையால் காட்டினார். நாங்கள் தட்டினோம். தலைவரும் தட்டினார்.